15 ஆம்பியர் இடத்துல 30 ஆம்பியர்

போன மாசம் புதுக்கோட்டையில ஒரு ரிசப்ஷன் முடிச்சுட்டு ராத்திரி கார்ல காரைக்குடிக்குத் திரும்பிக்கிட்டு இருந்தோம். அப்பா ஓட்டினார். அம்மாவும் அப்பத்தாவும் பின்சீட்ல. திருமயம் தாண்டினதும் அப்பத்தா சொன்னாங்க: "என்னமோ கருகுதுய்யா."

அப்பா என்னைப் பார்த்தார். "நீதானடா இன்ஜினியரிங் படிக்கிற, என்னன்னு சொல்லு."

"க்ளட்ச் வாசனையா இருக்கும்ப்பா, ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னேன். எப்பவோ பார்த்த ஒரு வீடியோவைத் தவிர, அதைச் சொல்றதுக்கு என்கிட்ட எந்த ஆதாரமும் இல்லை. தெரியலைன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு, அவ்வளவுதான். என் பேச்சை நம்பி அப்பா வண்டியை நிறுத்தாம வீடு வரைக்கும் ஓட்டிட்டார்.

மறுநாள் பகல்ல ஓட்டிப் பார்த்தா வாசனையே இல்லை. இருந்தாலும் மனசு கேட்காம கழனிவாசல் பக்கம் இருக்கிற ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட கொண்டுபோனோம். அவர் பானெட்டைக்கூடத் திறக்கலை. முதல்ல ரெண்டு கேள்வி கேட்டார். "பகல்ல வருதா, ராத்திரி மட்டுமா?" ராத்திரி மட்டும். "ஹெட்லைட் பல்பு மாத்தினீங்களா?" ஆமா, ஆறு மாசம் முன்னாடி ஒரு கடையில வெளிச்சம் அதிகமா வர்ற பல்பு போட்டோம்.

டேஷ்போர்டைக் கழட்டிக் காட்டினார். ஹெட்லைட் ஸ்விட்ச்சுக்குப் போற கனெக்டர் பாதி உருகி, பக்கத்து வயரோட ஒட்டிப்போய் இருந்துச்சு. அடுத்து ஃபியூஸைப் பிடுங்கிக் காட்டினார். 15 ஆம்பியர் இருக்கவேண்டிய இடத்துல 30 ஆம்பியர்.

கணக்கு ரொம்பச் சின்னது. 60 வாட் பல்பு ரெண்டு, 12 வோல்ட்ல 10 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்பு ரெண்டு போட்டா கிட்டத்தட்ட 17 ஆம்பியர். வயர்ல உண்டாகுற சூடு கரண்ட்டோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும்; அதாவது ஏறக்குறைய மூணு மடங்கு. 15 ஆம்பியர் ஃபியூஸ் எரிஞ்சு எங்களை எச்சரிச்சிருக்கு. அதுக்குப் பதில் சொல்றதா நினைச்சு யாரோ 30 போட்டிருக்காங்க. ஃபியூஸ் எரியாததால கனெக்டர் எரிய ஆரம்பிச்சிருக்கு.

ஐ ஸ்கொயர் ஆர் ஃபார்முலாவை நான் பத்தாவதுலேயே படிச்சாச்சு. ஆனா அன்னிக்குக் கார்ல உட்கார்ந்திருந்தப்ப அது ஞாபகத்துக்கே வரலை.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2010-ல டாடா நானோ கார்கள் சில தீப்பிடிச்சது பெரிய செய்தி. விசாரிச்ச பிறகு கம்பெனி சொன்ன காரணங்கள்ல ஒண்ணு, பிறகு பொருத்தின வெளி எலக்ட்ரிக்கல் சாமான்கள். இன்னொண்ணு, எக்ஸாஸ்ட் மேல கிடந்த அந்நியப் பொருள். அந்த வருஷம் நவம்பர்ல எக்ஸாஸ்டுக்கும் எலக்ட்ரிக்கலுக்கும் கூடுதல் பாதுகாப்பு இலவசமா பண்ணித்தர்றதா அறிவிச்சாங்க. அந்த ரெண்டாவது காரணம் நம்ம ஊர்க்காரங்களுக்குப் புதுசு இல்லை. அறுவடை சமயத்துல ரோட்ல உளுந்துச் செடியும் வைக்கோலும் பரப்பி வச்சிருப்பாங்க. அது மேல ஏறிப் போனா அடியில சுத்திக்கிட்டு, சூடான சைலன்சர்ல பட்டுப் புகைய ஆரம்பிச்சுடும்.

அந்த அண்ணன் வாசனையை வச்சே பாதி ரிப்பேரைக் கண்டுபிடிக்கிறார். பிளாஸ்டிக் கருகினா வயரிங். டிராஃபிக்ல ஹாஃப் க்ளட்ச்ல நின்னு நகர்ந்த பிறகு காட்டமா வந்தா க்ளட்ச். அதே மாதிரி காட்டம், கூடவே ஒரு சக்கரம் மட்டும் கொதிச்சா, பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்கு. எண்ணெய் கருகின புகைன்னா கேஸ்கெட்ல கசிஞ்ச ஆயில் எக்ஸாஸ்ட்ல சொட்டுது. இனிப்பா வந்தா கூலன்ட். அழுகின முட்டை நாத்தம்னா பேட்டரி ஓவர்சார்ஜ் ஆகுது, இல்லைன்னா கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்ல பிரச்சினை.

ஓட்டுற நமக்கு இவ்வளவு தெரியணும்னு இல்லை. பிளாஸ்டிக் கருகுற வாசனை வந்தா ஓரங்கட்டுங்க. லைட், ஏசி, இக்னிஷன் எல்லாத்தையும் அணைங்க. எல்லாரையும் இறக்கி வண்டியை விட்டுத் தள்ளி நிக்க வைங்க. பானெட்ல இருந்து புகை வந்தா திறக்காதீங்க. காத்து உள்ள போனா தீ கூடும். எது போட்டிருந்தப்ப வாசனை வந்துச்சுன்னு குறிச்சு வச்சுக்குங்க. மெக்கானிக் முதல்ல கேட்கப்போறது அதைத்தான்.

நம்ம லேப்ல என்ன பண்றோம்? எய்ம், அப்பரேட்டஸ், ப்ரொசீஜர், ரிசல்ட். விடை தெரிஞ்ச கேள்விக்கு நாலு வருஷம் ரீடிங் எடுக்கிறோம். ரீடிங் சரியா வரலைன்னா சீனியரோட ரெக்கார்டைப் பார்த்து எழுதிடறோம். பழுதான ஒரு பொருளைக் கையில கொடுத்து "என்ன ஆச்சுன்னு கண்டுபிடி"ன்னு யாரும் சொன்னதே இல்லை. அதனால ஒரு யோசனை. செமஸ்டருக்கு ஒரு லேப், ஆட்டோமொபைல் லேப்ல சும்மா கிடக்கிற பழைய வண்டியில ஒரு பழுதை வச்சுட்டு நம்மகிட்ட விடட்டும். கேள்வி கேட்க ஊர்ல இருக்கிற ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடட்டும். அவருக்கு கெஸ்ட் லெக்சருக்கான சம்பளமும் கொடுக்கட்டும்.

"நாம எல்லாம் ஐடிக்குத்தான் போகப்போறோம், இது எதுக்கு?"ன்னு ஹாஸ்டல்ல கேட்டாங்க. எரர் வருதுன்னு காரணம் தேடாம ட்ரை-கேட்ச் போட்டு மூடறோம்ல? அதுவும் 30 ஆம்பியர் ஃபியூஸ்தான்.

அண்ணன் கருகின வயரை வெட்டி எடுத்துட்டு, பேட்டரியில இருந்து தனி வயர் இழுத்து, ரிலே வச்சு, பழைய 60 வாட் பல்பையே திரும்பப் போட்டுக் கொடுத்தார். ஃபியூஸ் 15 ஆம்பியர். அப்பத்தாகிட்ட க்ளட்ச் இல்லை, வயரிங்தான்னு போய்ச் சொன்னேன். "நான் கருகுதுன்னு சொன்னப்பவே நிறுத்தியிருக்கலாம்ல?"ன்னு கேட்டாங்க.

நிறுத்தியிருக்கணும். "தெரியலைப்பா, ஓரங்கட்டுங்க"ன்னு நான் சொல்லியிருக்கணும்.