150 ரூபாய் மல்லிகை

ஆம்பூரிலிருந்து என் அண்ணன் மகள் வந்திருந்தாள். அங்கே ஒரு ஷூ தொழிற்சாலையில் தையல் மெஷினில் வேலை. வந்ததும் வராததுமாகக் கைப்பையிலிருந்து ஒரு சின்னச் சீசாவை எடுத்து நீட்டினாள்.

"மூக்கு சமாசாரத்திலே நீங்கதான் நீதிபதி, அத்தை. இது எப்படி இருக்கு, சொல்லுங்க."

விலை 150 ரூபாய். பெட்டியில் பெரிய பிரெஞ்சு சென்ட் ஒன்றின் பெயரை எழுதி, 'அதே மாதிரி' என்று போட்டிருந்தது. அசலின் விலைக்கு அவள் இரண்டு மாத வீட்டு வாடகை கொடுத்துவிடலாம்!

"உனக்கு எதுக்குடி சென்ட்?" என்றேன் கேலியாக.

"பஸ்ஸிலே பக்கத்தில் உட்கார்ந்த அம்மா முந்தானையாலே மூக்கை மூடிக்கிட்டாங்க, அத்தை."

கேலியை விட்டுவிட்டேன்.

மறுநாள் எல்லோரும் அமிர்திக்குப் புறப்பட்டோம். காலை ஏழு மணிக்கு அவள் முழங்கையின் உட்புறம் ஒரு முறை, துப்பட்டா நுனியில் ஒரு முறை அடித்தேன். சகோதரிகளே, கடையில் சீசாவை முகர்ந்து பார்த்து வாங்காதீர்கள். முதலில் மூக்கில் ஏறுவது ஸ்பிரிட் நெடிதான். அது பறந்த பிறகே பூ எட்டிப் பார்க்கும். பாதி வழியில் பார்த்தது. நல்ல மல்லிகை, பொய் சொல்ல மாட்டேன். ஓடைக் கரையில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபோது மல்லிகை பஞ்சு மிட்டாயாகிவிட்டது! ஒரு தேனீ அவளையே சுற்றிச் சுற்றி வந்தது. (காட்டுக்குப் போகும்போது தித்திப்பு வாசனை வேண்டாம்.)

அந்தத் தித்திப்புக்குக் காரணம் எதில் மால்டால் என்ற செயற்கைப் பொருளாக இருக்கலாம். 1992-ல் வந்த 'ஏஞ்சல்' சென்ட் அதைத் தாராளமாகச் சேர்த்துப் புகழ் பெற்றது. பிறகு அது உலகமெங்கும் பரவிவிட்டது. மல்லிகை மட்டும் நிஜமா? ஒரு கிலோ மல்லிகைச் சாறு எடுக்கச் சுமார் 700 கிலோ பூ வேண்டும். 150 ரூபாயில் அது எங்கே கட்டும்? பென்ஸைல் அஸிடேட் மாதிரி ஏதாவதுதான். அதற்காக முகம் சுளிக்க வேண்டாம். அந்தப் பொருள் நிஜ மல்லிகையிலும் உண்டு. 1921-ல் வந்த 'ஷனேல் நம்பர் 5' கூட ரசாயனக் கலப்பால்தான் பெயர் வாங்கியது.

மலிவுக்கும் அசலுக்கும் வித்தியாசம் மத்தியானத்தில் தெரிந்தது. கையில் வாசனை சுத்தமாகப் போய்விட்டது. துப்பட்டாவில் மட்டும் சாயங்காலம் வரை இருந்தது. கன்னோஜ் அத்தர்க்காரர்கள் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடிப்பார்கள்; சந்தனம் அதை விடாமல் வைத்திருக்கும். இதில் அப்படிப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை.

திரும்பும்போது அவளுக்கு ஒரு விஷயம் சொன்னேன். பிரான்சில் வாசனைக்குத் தலைநகராக விளங்கும் கிராஸ் ஊர், ஆதியில் தோல் பதனிட்ட ஊர். கையுறைத் தோலின் நாற்றம் போகத்தான் 16-ஆம் நூற்றாண்டில் அங்கே வாசனை ஏற்ற ஆரம்பித்தார்கள்.

"அப்படின்னா அவங்களும் எங்க ஊர்க்காரங்கதான்!" என்று சிரித்தாள்.

என் தீர்ப்பு: வேலைக்குப் போகிற பெண் வாங்கலாம். பருத்தித் துணியில் ஒரு முறை அடித்தால் போதும். பட்டுப் புடவையில் கறை விழும். கிட்டவே கொண்டு போகாதீர்கள். தோலில் போடுவதானால் முதல் நாள் ஒரு துளி வைத்து, அரிக்கிறதா பாருங்கள். அடுப்பங்கரையில் வைக்காதீர்கள், ஸ்பிரிட் குபீரென்று பற்றிக்கொள்ளும்.

பஸ் ஏறிய அவசரத்தில் சீசாவை இங்கேயே விட்டுவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பதிலுக்கு ஆம்பூர் பிரியாணி தருவதாகப் பேச்சு.