உயிருள்ள மீனில்தான் இலாபம்

மெக்சிக்கோவின் பாஹா கலிபோர்னியா முனையில் உள்ளது கபோ சான் லூக்காஸ். வட அமெரிக்கா பனியில் உறையும் டிசம்பர் முதல் மார்ச் வரை தூண்டில் பிரியர்கள் அங்கு குவிகிறார்கள். வடகாற்று பலத்தால் கோர்ட்டெஸ் கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் பசுபிக் பக்கம் திரும்பும். சாளைக் கூட்டங்களைத் துரத்திவரும் வரி மார்லின்தான் அக்கால மீன்பாடு.

பிடித்த மார்லினைப் பெரும்பாலும் படமெடுத்துவிட்டுக் கடலிலேயே விடுகிறார்கள். கரையிலிருந்து 50 கடல் மைலுக்குள் அதை விளையாட்டு மீன்பிடிக்கே சட்டம் ஒதுக்கியுள்ளது.

இதை வியாபாரக் கண்ணால் பாருங்கள். நிறுத்து விற்ற மீனுக்கு ஒரு தடவைதான் விலை. விட்ட மீனோ வள்ளக்காரர், இரை விற்பவர், ஹோட்டல்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர் எனப் பலருக்கும் மீண்டும் உழைக்கிறது.

பேருவளை, வெலிகமப் பக்கமும் இதே மாதங்களில்தான் கடல் அமைதி. உல்லாசப் பயணிகளும் வருகிறார்கள். ஆழ்கடலில் வயிறு வளர்க்கும் மீனவரைத் தடுக்க நான் சொல்லவில்லை. பொழுதுபோக்க வந்தவரின் தூண்டிலில் சிக்கியதையாவது விட்டுவிடுவோம் என்கிறேன். முதலைத் தின்னாமல் இலாபத்தைத் தின்பதுதானே வியாபாரம்!