கலிலியோவைத் தண்டித்தது மதமா, அரசியலா? 1633 தீர்ப்பின் பின்னணி என்ன?

1633 ஜூன் 22. ரோம் நகரில் 69 வயது முதியவர் ஒருவர், மத விசாரணை மன்றத்தின் முன் மண்டியிட்டார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். அவர்தான் கலிலியோ.

'அறிவியல் Vs மதம்' என்றாலே எல்லோரும் சொல்லும் உதாரணம் இது. ஆனால், அவரைத் தண்டித்த போப் எட்டாம் அர்பன், ஒரு காலத்தில் கலிலியோவைப் புகழ்ந்து கவிதையே எழுதியவர். அப்படின்னா நடுவில் என்ன நடந்தது?

சர்ச்சை தொடங்கியது எப்படி?

பூமி சுற்றுகிறது என்று கோபர்நிகஸ் புத்தகம் வெளியிட்டது 1543-ல். கத்தோலிக்கத் திருச்சபை அதை நிறுத்திவைத்தது 1616-ல்தான். இடைப்பட்ட 73 ஆண்டுகளில் புராட்டஸ்டன்ட் பிரிவு ஐரோப்பாவில் வேரூன்றிவிட்டது. பைபிளுக்கு விளக்கம் சொல்லும் உரிமை யாருக்கு என்பதுதான் அப்போது பெரிய சண்டை. அந்த நேரத்தில், பைபிளை எப்படி வாசிக்க வேண்டும் என்று கலிலியோவும் எழுதினார். ரோம் அதை ரசிக்கவில்லை.

1623-ல் நண்பர் போப் ஆனதும் நிலைமை மாறியது. அடுத்த ஆண்டே கலிலியோவை ஆறு முறை சந்தித்தார் போப். ஓர் அனுமானமாக மட்டும் எழுதினால் பிரச்னை இல்லை என்ற நம்பிக்கையோடு ஊர் திரும்பினார் கலிலியோ.

1632-ல் என்ன மாறியது?

ஐரோப்பாவில் அப்போது முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. போப் சாய்ந்தது பிரான்ஸ் பக்கம். அந்த பிரான்ஸோ, புராட்டஸ்டன்ட் நாடான ஸ்வீடனுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. கொதித்துப்போன ஸ்பெயின் தரப்பு கர்தினால் போர்ஜா, 1632 மார்ச்சில் கர்தினால்கள் கூட்டத்திலேயே போப்பை வெளிப்படையாகச் சாடினார். கத்தோலிக்க நம்பிக்கையை அவர் காக்கத் தவறிவிட்டார் என்பது குற்றச்சாட்டு.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான் கலிலியோவின் புத்தகம் ஃபுளோரன்ஸில் வெளியானது. அதுவும் சாதாரண மக்கள் படிக்கும் இத்தாலிய மொழியில். போப்புக்குப் பிடித்த வாதத்தை, விவாதத்தில் தோற்றுக்கொண்டே இருக்கும் சிம்ப்ளிசியோ என்ற பாத்திரம் பேசியது. புத்தகத்துக்கு அனுமதி வாங்க உதவிய போப்பின் செயலர் சாம்போலி, ஸ்பெயின் அணியோடு நெருக்கமானவர் என்ற சந்தேகத்துக்கு ஆளாகிப் பதவி இழந்தார்.

'நம்பிக்கை விஷயத்தில் மென்மையானவர்' என்று ஏற்கெனவே பேச்சு. இந்த நேரத்தில் நண்பரை விட்டுக்கொடுக்காமல் இருப்பது, போப்புக்குத் தன் நாற்காலியையே பணயம் வைப்பதுபோல ஆகியிருக்கும்.

காப்பாற்ற ஆள் இல்லையா?

கலிலியோ 1610 வரை வேலை பார்த்தது வெனிஸ் குடியரசின் படுவா பல்கலைக்கழகத்தில். போப்பின் தடை உத்தரவையே 1606-ல் மதிக்காத நாடு வெனிஸ். அங்கிருந்து ஃபுளோரன்ஸின் மெடிசி அரசவைக்கு மாறினார் கலிலியோ. மெடிசிகள் தூதர் மூலம் பேசிப் பார்த்தார்கள். ரோமை எதிர்த்து நிற்கும் வலு அவர்களுக்கு இல்லை.

தீர்ப்பிலும் ஒருமனம் இல்லை. 10 கர்தினால்களில் கையெழுத்திட்டவர்கள் 7 பேர்தான். கையெழுத்திடாதவர்களில் போப்பின் அண்ணன் மகனும் ஒருவர்!

அப்படின்னா மதம் காரணமே இல்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. குற்றச்சாட்டு, சட்டம், தண்டனை எல்லாமே மதத்தின் பெயரில்தான். ஆனால் 1624-ல் பேசித் தீர்க்க முடிந்த அதே கருத்து, 1633-ல் வீட்டுக்காவலில் முடிந்ததற்குக் காரணம் வானியல் அல்ல. 1642-ல் இறக்கும்வரை கலிலியோ வீட்டுக்காவலில்தான் இருந்தார். வழக்கில் தவறு நடந்தது என்று போப் இரண்டாம் ஜான் பால் ஒப்புக்கொண்டபோது ஆண்டு 1992.