மூழ்குவதற்கென்றே ஒரு கப்பல்!



மலரைக் கையில் வாங்கியதும் பாதிப் பேர் கவிதைப் பக்கத்துக்கும், மீதிப் பேர் குரூப் போட்டோவுக்கும் ஓடுவீங்க என்று தெரியும். போகிற வழியில் ஒரு பத்து நிமிடம் இங்கே நில்லுங்கள். ஒரு கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சின்னக் கப்பல்தான். ஆனால் மூழ்குவதற்கென்றே கட்டப்படுகிற கப்பல்!

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1970களில் சிலர் தொடங்கிய பொழுதுபோக்கு இது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஓடிய நிஜப் போர்க்கப்பல்களை 144இல் 1 பங்கு அளவில் கட்டுகிறார்கள். ரேடியோ கன்ட்ரோலில் குளத்தில் ஓட்டுகிறார்கள். கார்பன் டை ஆக்ஸைடு வாயு அழுத்தத்தில் சிறிய பால் பேரிங் குண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று சுடுகிறார்கள். ஓட்டை விழுந்தால் தண்ணீர் ஏறும். தண்ணீர் ஏறினால் கப்பல் மூழ்கும், நிஜமாகவே மூழ்கும். பிறகு அதைத் தூக்கி, ஒட்டி, மறுபடியும் மிதக்க விடுவார்கள்.

"சரி, பணக்கார வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கென்ன?" என்று கேட்கிறீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் விதிகளைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. கப்பலின் பக்கவாட்டை இரும்பாலோ கெட்டிப் பலகையாலோ மூடக்கூடாது. விலா எலும்பு போலச் சட்டங்கள் வைத்து, இடைவெளியை 0.8 மி.மீ. தடிமனுள்ள பால்சா மரத் தகட்டால்தான் மூட வேண்டும். அதாவது ஓட்டை விழுந்தே தீர வேண்டும்! உள்ளே இருக்கிற பம்ப் தண்ணீரை வெளியேற்றலாம். ஆனால் அது வெளியேற்றும் துளையின் அளவுக்கும் கட்டுப்பாடு உண்டு. இஷ்டத்துக்குப் பெரிய பம்ப் வைத்துத் தப்பிக்க முடியாது.

ஆக, கட்டுபவனுக்கு இருக்கிற கேள்வி "தண்ணீர் வராமல் எப்படித் தடுப்பது?" என்பதல்ல. "தண்ணீர் வரப்போவது நிச்சயம். வந்த பிறகு என்ன செய்யப் போகிறாய்?" என்பதுதான். இந்தக் கேள்வியை நம் மூன்று வருட டிப்ளமோவில் யாராவது நம்மிடம் கேட்டிருக்கிறார்களா?

நமக்குத் தெரிந்த கப்பலையே எடுத்துக் கொள்வோம். எம்டன்! முரட்டு ஆளைப் பார்த்தால் "சரியான எம்டன்டா அவன்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த எம்டன். 1908இல் ஜெர்மனியில் கடலில் இறக்கப்பட்ட இந்தக் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நின்று குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிபட்டது. மூழ்காமலிருக்க அதன் கேப்டனே அதைப் பவளப் பாறையில் ஏற்றி நிறுத்தினார்.

நிஜ எம்டனின் நீளம் 118 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 144ஆல் வகுத்தால் 82 செ.மீ. நம்ம டிராயிங் போர்டு மேலேயே வைத்துவிடலாம். எடையை மட்டும் 144ஆல் வகுக்கக்கூடாது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் குறைவதால் 144ஐ மூன்று தடவை பெருக்கி, 29,85,984ஆல் வகுக்க வேண்டும். முழுப் பளுவில் சுமார் 4,270 டன் இருந்த எம்டன், மாடலில் 1.4 கிலோவாகச் சுருங்கிவிடும். பேட்டரி, மோட்டார், பம்ப், ரிசீவர், சர்வோ, சட்டம் எல்லாம் சேர்த்தே அவ்வளவுதான். (பிஸ்மார்க் மாதிரி பெரிய கப்பல் என்றால் 17 கிலோ வரை போகலாம். இடம் தாராளம். ஆனால் தூக்க ரெண்டு ஆள் வேணும்.)

இப்போது அதில் ஒரு ஓட்டை போடுவோம். நீர்மட்டத்துக்கு 2.5 செ.மீ. கீழே, 4.5 மி.மீ. விட்டம். ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் ஆரிஃபிஸ் கணக்கு போட்டோமே, மறந்துட்டீங்களா? தண்ணீர் நுழையும் வேகம் விநாடிக்கு 0.7 மீட்டர். குணகம் 0.6 என்று வைத்தால் நிமிடத்துக்கு 400 மில்லி. மூன்று ஓட்டை என்றால் 1.2 லிட்டர். 1.4 கிலோ கப்பலுக்குள் ஒரே நிமிடத்தில் 1.2 கிலோ தண்ணீர்! உள்ளே மட்டம் ஏற ஏற வேகம் குறையும் என்றாலும், கப்பல் அதற்குள் சாய்ந்துவிடும். உள்ளே வந்த தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி அந்தப் பக்கத்தையே அழுத்துவதால்தான் இப்படி. ஆகவே அடித்தளத்தை நடுவில் ஒரு வாய்க்கால் போல அமைத்து, தண்ணீரைப் பம்ப்புக்கு வழிநடத்துகிறார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின ஃபார்முலாவுக்கு உயிர் வருவதை நான் முதன்முதலாக இங்கேதான் பார்த்தேன்.

அடுத்து எலக்ட்ரிகல் சமாச்சாரம். இதுதான் என் ஏரியா, கொஞ்சம் பொறுத்துக்குங்க.

ரிசீவரையும் ஸ்பீடு கன்ட்ரோலரையும் ரப்பர் வளையம் போட்ட டப்பாவில் வைத்து மூடிவிட்டால் போதும் என்று நினைப்போம். நானும் நண்பர்கள் இருவரும் ஹாஸ்டலில் ஒரு டிபன் டப்பாவை வைத்து இதைச் சோதித்தோம். சர்க்யூட்டை வைப்பதற்கு முன் உள்ளே டிஷ்யூ பேப்பர் மட்டும் வைத்து வாளியில் அமுக்க வேண்டும். எங்கே நனைகிறது என்பதைப் பேப்பரே சொல்லிவிடும். மூடி வழியாக ஒரு சொட்டு வரவில்லை. வயர் வழியாக வந்தது! பல இழை வயரின் பிளாஸ்டிக் உறைக்குள், இழைகளுக்கு நடுவே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத் தண்ணீர் ஏறுகிறது. டப்பாவுக்குள் நுழையும் இடத்தில் உறையைக் கொஞ்சம் சீவி, இழைகளை ஈயம் வைத்துப் பற்றி, மேலே எபாக்ஸி ஊற்றினால்தான் நிற்கும்.

இன்னொன்று. வெயிலில் சூடான டப்பாவைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் உள்காற்று சுருங்கி, டப்பா தண்ணீரை உறிஞ்சப் பார்க்கும். அதனால் சர்க்யூட் போர்டு மேலேயே வார்னிஷ் பூச்சு ஒன்று இருப்பது நல்லது. டப்பா தோற்றாலும் போர்டு பிழைக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற சிலிகானில் வினிகர் வாசம் அடிப்பதைப் பூசாதீர்கள், அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். வாசம் இல்லாத நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தண்ணீருக்கடியில் கொஞ்ச தூரம்கூடப் போகாது. ஆன்டெனாவைக் கப்பலின் மேல்தளத்தில் உயரமாக வைக்க வேண்டும். பம்ப்பை ரேடியோவை நம்பி விடாமல், மிதவை சுவிட்ச்சில் தானாக ஓட விட வேண்டும்.

மோட்டார்? அது நனைந்தால் நனையட்டும்! பிரஷ் வைத்த சின்ன டி.சி. மோட்டார் நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஓடத்தான் செய்யும். வெளியே எடுத்து உலர்த்தி, பேரிங்குக்கு எண்ணெய் விட்டால் போதும். எல்லாவற்றையும் காக்க நினைப்பவன் எதையும் காக்க மாட்டான். எது நனையலாம், எது நனையக் கூடாது என்று பிரிக்கத் தெரிவதுதான் வேலை.

இதை நான் வீடியோவில் பார்த்துக் கற்றுக் கொண்டேன் என்று பெருமை பேச முடியாது. எங்க அப்பா போர்வெல்லுக்கு மோட்டார் இறக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆனால் தண்ணீருக்குள் போகும் கேபிள் ஜாயின்ட் பற்றி அவருக்குத் தெரிந்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. மூன்று வயரின் இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் ஏற்றி இறக்கிப் போடுவார். ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுவார், அதன் மேல் பி.வி.சி. டேப். அப்புறம் அதை வாளித் தண்ணியில முக்கி, மெக்கர் வெச்சுப் பாத்துட்டுத்தான் கிணத்துல இறக்குவார். "மேல இருக்கும்போதே முக்கிப் பாத்துடணும்டா தம்பி. நானூறு அடிக்குக் கீழ போனப்புறம் பாக்க முடியுமா?" என்பார். சப்மெர்சிபிள் மோட்டார் பலவற்றுக்கு உள்ளேயே தண்ணீர் நிரப்பித்தான் இறக்குகிறார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தண்ணீரைத் தடுக்கவில்லை, தண்ணீரோடு வாழ வைக்கிறார்கள்.

இப்போ நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு வருவோம். கசந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கடையில் ரெடிமேடாக விற்கிறார்கள். அட்டைப் பெட்டியில் கிட், கூடவே பைண்டு செய்த ரிப்போர்ட். பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்குகிறோம். எக்ஸாமினர் வரும்போது எல்.ஈ.டி. எரிந்தால் போதும், மறுநாள் அது பரண் மேல். அந்தப் பணத்தில் என் பங்கு எங்க அப்பாவுக்கு ஒரு வாரக் கூலி. அவர் வாளியில் முக்காமல் ஒரு ஜாயின்டைக் கிணற்றில் இறக்க மாட்டார். அவர் காசில் நான் எதையும் சோதிக்காமல் ஒரு பெட்டியை வாங்கி மேஜை மேல் வைப்பதா? வேலை செய்கிற நிலையில் மட்டும் காட்டி மார்க் வாங்குவது சோதனையல்ல, கண்காட்சி.

"நேரம் இல்லை, லேப் ரெக்கார்டு எழுதவே சரியா இருக்கு" என்பார்கள். உண்மைதான். அதற்காகவே சொல்கிறேன், ரேடியோ கப்பல் முழுவதும் வேண்டாம். துப்பாக்கியும் வேண்டவே வேண்டாம். அந்த விளையாட்டில்கூடக் கரையில் நிற்பவர்கள் கண்ணாடி போடாமல் நிற்கக் கூடாது. நமக்குக் குண்டு எதற்கு? ஆணி போதும்.

மாணவர் பேரவைக்கு என் யோசனை இதுதான். அடுத்த ஆண்டு விழாவில் ரங்கோலி, பாட்டுப் போட்டியோடு இதையும் சேருங்கள். ஒரு குழுவுக்கு மூன்று பேர், மூன்றும் வேறு வேறு டிபார்ட்மென்ட். மெக்கானிக்கல்காரன் உடலைக் கட்டட்டும், எலக்ட்ரிகல்காரன் பம்ப்பும் டப்பாவும் செய்யட்டும், சிவில்காரன் மிதப்புக் கணக்குப் போடட்டும். பால்சா கிடைக்காவிட்டால் மெல்லிய ப்ளைவுட்டோ அட்டையோ வார்னிஷ் அடித்துப் பயன்படுத்தலாம். நடுவர் மூன்று இடத்தில் ஆணியால் குத்துவார். எத்தனை நிமிடம் மிதக்கிறது என்பதற்குப் பாதி மார்க். மூழ்கிய பிறகு தூக்கி, பத்து நிமிடத்தில் மறுபடி ஓட வைத்தால் மீதிப் பாதி. கடையில் வாங்கிய பெட்டி எதுவும் இந்தப் போட்டியில் தேறாது, பந்தயம் கட்டுகிறேன்!

இடத்துக்கும் பிரச்சினை இல்லை. சிவில் லேபில் கான்கிரீட் கட்டிகளை ஊற வைக்கிற கியூரிங் டேங்க் இருக்கிறது. சுண்ணாம்பு கலந்த தண்ணீர் என்பதால் குளத்துத் தண்ணீரைவிட மின்சாரத்தை நன்றாகவே கடத்தும், போர்டுக்கு அதுவே தனிப் பரீட்சை. ஒரு சனிக்கிழமை மதியம் மட்டும் டேங்க்கைக் காலி பண்ணித் தரச் சொல்லி லேப் அண்ணனிடம் பேசியாச்சு. சார்கிட்ட கையெழுத்து வாங்குறதுதான் பாக்கி. ஆணி நாங்க கொண்டு வர்றோம்.