பருத்தியா, மக்காச்சோளமா? விதைக்கும் முன்பே கணக்கு வேண்டும்

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். விதைத்து, உரமிட்டு, அறுவடையும் முடிந்த பிறகு கணக்குப் பார்ப்பவருக்கே இந்தப் பழமொழி பொருந்தும். விதைப்பதற்கு முன்பே கணக்குப் பார்ப்பவருக்கு உழக்கு மிஞ்ச வழியுண்டு.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரக் கரிசல் நிலங்களில் ஆடி பிறந்ததும் ஆண்டுதோறும் எழுகிற கேள்வி, பருத்தியா மக்காச்சோளமா என்பதுதான். இரண்டுக்கும் ஒரே நிலம், ஏறக்குறைய ஒரே பட்டம், ஒரே மழை. ஒன்றைப் போட்டால் மற்றதைப் போட முடியாது. பெரிய பண்ணைக்காரர் ஒரு வருடம் தவறினாலும் தாங்கிக்கொள்வார். இரண்டு மூன்று ஏக்கர் மானாவாரியை நம்பியிருப்பவர் தவறினால் அடகு வைத்த நகை அந்த ஆண்டு வீடு திரும்பாது.

இவ்வளவு பெரிய முடிவைப் பலரும் எப்படி எடுக்கிறார்கள்? போன தடவை எதற்கு விலை ஏறியதோ அதை விதைக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டில் பருத்தி குவிண்டால் 10,000 ரூபாயைத் தாண்டி விற்றது. அதைப் பார்த்து அடுத்த பட்டத்தில் நாடெங்கும் பருத்திப் பரப்பு கூடியது. அந்தப் பருத்தி 2023-இல் சந்தைக்கு வந்தபோது பழைய விலை இல்லை. விலை ஏறியது ஒருவருக்கு, விதைத்தது இன்னொருவர் என்றாகிவிட்டது.

விலை விகிதம் என்றால் என்ன?

பருத்தி 7,000 ரூபாய், மக்காச்சோளம் 2,000 ரூபாய் என்று தனித்தனியாகப் பார்த்தால் பருத்திதான் உயர்ந்ததாகத் தோன்றும். ஆனால் ஓர் ஏக்கரில் கிடைக்கும் குவிண்டால் இரண்டுக்கும் ஒன்றல்ல. ஆகவே ஒன்றோடொன்றை ஒப்பிட வேண்டும். பருத்தி விலையை மக்காச்சோள விலையால் வகுத்தால் வருவது விலை விகிதம். ஒரு குவிண்டால் பருத்தி எத்தனை குவிண்டால் மக்காச்சோளத்துக்குச் சமம் என்பதே இதன் பொருள்.

மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையை எடுத்துக்கொள்ளலாம். 2015-16-இல் நடுத்தர இழைப் பருத்திக்கு 3,800 ரூபாய், மக்காச்சோளத்துக்கு 1,325 ரூபாய். விகிதம் 2.87. 2025-26-இல் பருத்திக்கு 7,710 ரூபாய், மக்காச்சோளத்துக்கு 2,400 ரூபாய். விகிதம் 3.21. பத்து ஆண்டுகளில் ஆதரவு விலை பருத்திப் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறது. அப்படியிருந்தும் இந்த வட்டாரத்தில் பருத்தியை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறியவர்கள் பலர். பருத்தி எடுக்க ஆள் கிடைக்காததும், கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகாததுமே முக்கியக் காரணம். விகிதத்தை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இதுவே சாட்சி.

அவரவர் காட்டுக்கு அவரவர் கணக்கு

ஓர் உதாரணம் பார்க்கலாம். இதிலுள்ள மகசூலும் செலவும் கணக்கு புரிவதற்காகவே. ஒவ்வொருவரும் தம் காட்டு எண்களைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஏக்கருக்கு மக்காச்சோளம் 20 குவிண்டால், செலவு 22,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2,400 ரூபாய்க்கு விற்றால் வரவு 48,000. மிச்சம் 26,000 ரூபாய்.

பருத்தி ஏக்கருக்கு 7 குவிண்டால். பறிகூலி கிலோவுக்கு 12 ரூபாய் வீதம் 8,400 ரூபாய், மற்றச் செலவு 19,600 ரூபாய், ஆக 28,000 ரூபாய். 7,710 ரூபாய்க்கு விற்றால் வரவு 53,970. மிச்சம் 25,970 ரூபாய். இரண்டும் சமம். இந்தக் காட்டுக்குச் சமவிகிதம் 3.21. சந்தை விகிதம் இதற்கு மேலே போனால் பருத்தி, கீழே வந்தால் மக்காச்சோளம்.

பக்கத்துக் காட்டில் பருத்தி 6 குவிண்டால்தான் விளையும் என்றால்? பறிகூலி குறைந்து மொத்தச் செலவு 26,800 ரூபாயாகும். அதே 26,000 ரூபாய் மிஞ்ச வேண்டுமானால் பருத்தி 8,800 ரூபாய்க்கு விற்க வேண்டும். அவருடைய சமவிகிதம் 3.67. நல்ல ஆழமான கரிசலில் 8 குவிண்டால் எடுப்பவருக்கோ 6,900 ரூபாய் போதும். அவருடைய சமவிகிதம் 2.88.

ஆக, சந்தையில் விகிதம் 3.2 என்று இருக்கும்போது ஒருவருக்குப் பருத்தி லாபம், வரப்புக்கு அந்தப்பக்கம் இருப்பவருக்கு அதே பருத்தி நஷ்டம். 'அவர் போட்டார், நானும் போட்டேன்' என்பது எவ்வளவு ஆபத்தானது என்பது இதிலிருந்து விளங்கும்.

சமவிகிதமும் என்றைக்கும் ஒரே எண்ணாக நிற்காது. கூலியோ உர விலையோ ஏறினால் மாறும். மக்காச்சோள விலை ஏறி இறங்கினாலும் சற்று மாறும். ஆகவே ஆண்டுதோறும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

எந்த விலையைப் போடுவது?

கணக்கில் போட வேண்டியது இன்றைய விலை அல்ல, அறுவடைக் கால விலை. அமெரிக்க விவசாயிகள் இதைத்தான் செய்கிறார்கள். அங்கே மக்காச்சோளமா சோயா மொச்சையா என்பதே கேள்வி. வசந்தத்தில் விதைப்பதற்கு முன்பே, சிகாகோ சந்தையில் டிசம்பர் மாத மக்காச்சோளத்துக்கும் நவம்பர் மாத சோயாவுக்கும் நடக்கும் முன்பேர விலையை ஒப்பிடுகிறார்கள். விகிதம் 2.5 அளவுக்குப் போனால் சோயா, 2.2 அளவுக்கு இறங்கினால் மக்காச்சோளம் என்பது அங்குள்ள பொதுக் கணக்கு.

2025 பிப்ரவரியில் இந்த விகிதம் 2.24 ஆக இருந்தது. சோயா குறைந்து, மக்காச்சோளம் 9.5 கோடி ஏக்கருக்கு மேல் விதைக்கப்பட்டது. பிப்ரவரியில் புஷலுக்கு, அதாவது சுமார் 25 கிலோவுக்கு, 4 டாலர் 70 சென்ட் என்றிருந்த மக்காச்சோள விலை அறுவடையில் 4 டாலர் 20 சென்ட்டை ஒட்டி இறங்கியது. எல்லோரும் ஒரே கணக்கைப் பார்த்து ஒரே பக்கம் சாய்ந்தால் கணக்கே மாறிவிடும் என்பது இதன் பாடம்.

ஒரு வித்தியாசத்தையும் மறக்கக்கூடாது. அங்கே விதைக்கும்போதே ஒரு பகுதி விளைச்சலுக்கு விலை பேசி முடித்துவிட வசதி உண்டு. இங்கே சிறு விவசாயிக்கு அது கைக்கு எட்டாத காரியம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விதைப்புக்கு முன் வெளியிடும் விலை முன்னறிவிப்புதான் அவருக்குக் கிடைக்கும் கைவிளக்கு. அதில் ஒரே எண் இருக்காது, இத்தனையிலிருந்து இத்தனை வரை என்றிருக்கும். கீழ் எண்ணையே கணக்கில் போடுவது நல்லது. ஆதரவு விலையை அப்படியே நம்பிப் போடுவதும் சரியல்ல. பருத்திக்கு இந்தியப் பருத்திக் கழகத்தின் கொள்முதல் உண்டென்றாலும் ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். மக்காச்சோளத்துக்கு நெல்லைப் போல ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையமும் இல்லை. கோழித் தீவன ஆலைகளும் வியாபாரிகளும் கொடுப்பதே விலை.

விகிதம் சொல்லாத விஷயங்கள்

மக்காச்சோளம் நூற்றுப் பத்து நாளில் வீடு வரும். பருத்தி ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும். கடன் வாங்கிச் சாகுபடி செய்பவருக்கு அந்த நாட்களின் வட்டியும் பருத்தியின் செலவுதான். மக்காச்சோளத் தட்டை மாட்டுக்குத் தீனியாகும். பருத்தி மார் அடுப்புக்குத்தான் ஆகும். மறுபுறம், பருத்தியை மூன்று நான்கு தடவையாக எடுப்பதால் ஒரே நாள் விலையில் எல்லாம் போய்விடாது. வீட்டு ஆட்களே எடுத்துக்கொள்ளும் குடும்பத்துக்குக் கூலி கையைவிட்டுப் போகாது. ஆனாலும் அந்த உழைப்புக்கும் கணக்கில் கூலி போட வேண்டும். பெண்களின் உழைப்பை இனாமாக எண்ணிப் பருத்தியில் லாபம் காண்பது ஏமாற்றுக் கணக்கு.

பூச்சியையும் மறக்க முடியாது. 2018-இல் கர்நாடகத்தில் முதலில் காணப்பட்ட படைப்புழு அதே ஆண்டில் தமிழகத்துக்கும் பரவி, இந்த வட்டார மக்காச்சோளத்தைப் பெரிதும் அழித்தது. பருத்திக்கு இளஞ்சிவப்புக் காய்ப்புழு இருக்கிறது. மருந்துச் செலவைச் சேர்க்காத கணக்கு கணக்கல்ல.

அரசு செய்ய வேண்டியது

விவசாயி எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டாலும் நடுவில் அரசு எண்ணை மாற்றினால் என்ன செய்வது? 2025 ஆகஸ்டில், பருத்தி இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரி நீக்கப்பட்டது. முதலில் செப்டம்பர் 30 வரை என்று அறிவிக்கப்பட்டு, பிறகு டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. விதை மண்ணுக்குள் போன பிறகு வந்த முடிவு இது. நூற்பாலைகளுக்குப் பஞ்சு மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அத்தகைய முடிவுகளை விதைப்புக்கு முன்பே அறிவிப்பதும், அந்தப் பட்டம் முடியும் வரை மாற்றாமலிருப்பதும்தான் விவசாயிக்குச் செய்யும் நியாயம்.

வேளாண்மை விரிவாக்க மையங்களும் ஒரு காரியம் செய்யலாம். ஆடி மாதத்திலேயே இரண்டு பயிரின் விலை முன்னறிவிப்பையும் விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதி வைக்கலாம். இதற்குத் தனியாக நிதி ஒதுக்க வேண்டியதில்லை.

சிறு விவசாயி செய்ய வேண்டியது

முதலில், கடந்த மூன்று ஆண்டுகளில் தம் காட்டில் இரண்டு பயிரும் சராசரியாக எவ்வளவு விளைந்தன என்று குறித்துக்கொள்ள வேண்டும். சிறந்த ஆண்டின் மகசூலை மட்டும் போடக்கூடாது.

இரண்டாவதாக, செலவை எழுதிச் சமவிகிதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை கால் மணி நேரத்தில் போட்டுக் கொடுத்துவிடும்.

மூன்றாவதாக, எதிர்பார்க்கும் சந்தை விகிதம் சமவிகிதத்துக்கு மிக அருகில் இருந்தால் பயிரை மாற்ற வேண்டியதில்லை. வழக்கமான சுழற்சிப்படியே போகலாம். நன்றாக விலகியிருந்தால்தான் மாற்றம் தேவை. அப்போதும் காடு முழுவதையும் மாற்றாமல், மூன்று ஏக்கரில் ஓர் ஏக்கரை மாற்றினால் போதும். ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போட்டால் மண்ணும் கெடும், பூச்சியும் பெருகும்.

நான்காவதாக, அறுவடையில் விலை விழுந்தால் தாங்கி நிற்க வழி தேட வேண்டும். மக்காச்சோளத்தை நன்றாகக் காயவைத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறலாம். சரியான பயிரைத் தேர்ந்தெடுத்தும், களத்திலேயே அவசரமாக விற்றால் தேர்ந்தெடுத்த பலன் வியாபாரிக்குத்தான் போகும்.

மழையை யாரும் கணக்கிட முடியாது. விலையையும் முழுமையாகக் கணிக்க முடியாது. ஆனால் எந்த விகிதத்துக்குக் கீழே பருத்தி தமக்குக் கட்டாது என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு தாளும் பென்சிலும் போதும். அது தெரிந்தவர் விதைக் கடையில் அடுத்தவர் வாங்கும் பையைப் பார்த்துத் தம் பையை எடுக்க மாட்டார்.