பிக்காச்சுவின் தமிழ்க் குரல்

வீடியோ விளையாட்டொன்றைத் தழுவி எடுக்கப்படும் அசைபடத் தொடர், அதாவது வரைந்த உருவங்களை அசையவைத்துக் கதைசொல்லும் தொடர், நாவலைத் தழுவிய திரைப்படத்திலிருந்து அடிப்படையிலேயே வேறுபடுகிறது. நாவலில் தலைவன் ஏற்கெனவே உருப்பெற்றிருக்கிறான், விளையாட்டிலோ பொத்தானை அழுத்தும் சிறுவனே தலைவன். 1996 பெப்ரவரி 27 அன்று, நின்டெண்டோ நிறுவனத்தின் கையடக்கக் கருவியான கேம்போய்க்கென ஜப்பானில் வெளியான போக்கிமொன் விளையாட்டில், 151 கற்பனை உயிரினங்களைத் தேடிப் பிடித்துப் பழக்கும் நாயகன் வாய் திறந்து பேசுவதில்லை. ஆடுபவர் அவனுள் புகுந்துகொள்ளவே அவன் ஊமையாக விடப்பட்டிருந்தான்.

1997 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய தொலைக்காட்சித் தொடருக்கு அந்த மௌனம் உதவாது என்பதால், விளையாட்டை உருவாக்கிய சத்தோஷி தாஜிரியின் பெயரிலேயே அவசரமும் பிடிவாதமும் மிக்க ஒரு சிறுவன் படைக்கப்பட்டான். ஜப்பானுக்கு வெளியே ஆஷ் என அறியப்படும் அவன், முதல் அத்தியாயத்தில் தூங்கிப்போய்த் தாமதமாக வருவதால், விளையாட்டில் தெரிவுக்கு வைக்கப்படும் மூன்று உயிரினங்களும் கைநழுவ, எஞ்சியிருந்த பிக்காச்சு என்னும் மின்னெலியைப் பெறுகிறான். அதுவோ, பிடித்த உயிரினங்களை அடைத்துவைக்கும் பந்துக்குள் புக மறுத்துவிடுகிறது. விளையாட்டில் சேகரிப்பாக இருந்தது தொடரில் தோழமையாக மாறியது இந்த மறுப்பினால்தான். 1998இல் வந்த ‘மஞ்சள்’ பதிப்பில் பிக்காச்சு நாயகனின் பின்னால் நடந்துவருமாறு அமைக்கப்பட்டதிலிருந்து, தழுவலே மூலத்தைத் திருத்தியதை அறியலாம். ‘பொம்மைப் படம்’ என்று பெரியவர்கள் ஒதுக்கும் ஒன்றிற்கு இது சிறிய சாதனையன்று.

தாஜிரி சிறுவயதில் தோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் பூச்சி பிடித்து வளர்ந்தவர். வயல்களும் குளங்களும் கட்டடங்களுக்குள் மறைந்தபின் பிறந்த தலைமுறைக்கு அந்த இன்பத்தைக் கருவிக்குள்ளாவது தரவேண்டும் என்பதே விளையாட்டின் தோற்றுவாய். இலங்கையின் மலையகத்தில், கினிகத்தேனையின் தேயிலை மலைகளில் வளரும் பிள்ளைக்கு நிலைமை நேர்மாறானது. பூச்சியும் அட்டையும் ஓடையும் லயன் வீட்டு வாசலிலேயே உண்டு, எட்டாதது கருவிதான். ஆகவே இப்பிள்ளைகளிற் பெரும்பாலானோர்க்குத் தொடரே மூலம். விளையாட்டு என ஒன்று அதற்கு முன் இருந்ததென்பது பின்னர் தெரியவரும் செய்தி.

இத்தொடர் இந்தியாவில் 2003இலேயே இந்திக் குரலில் ஒளிபரப்பாகியிருந்தது. ஆஷின் கதை 2023இல் நிறைவுற்று, லிகோ, ராய் ஆகிய புதிய நாயகர்களுடன் வந்த ‘போக்கிமொன் ஹொரைசன்ஸ்’, 2024 மே 25 முதல் ஹங்காமா அலைவரிசையில் இந்தி, தெலுங்கு ஆகியவற்றுடன் தமிழிலும் ஒளிபரப்பானது. தென்மேற்குப் பருவமழை சிறுவரை நாட்கணக்கில் அறைக்குள் முடக்கிவைக்கும் கினிகத்தேனைப் பகுதியில், கூரையோர டிஷ் என்டனா வழியே வரும் இந்தியச் செய்மதி அலைவரிசைகளே தமிழ்க் கார்ட்டூனுக்குப் பெரிதும் வாயிலாக இருந்துவருகின்றன என்பதால், பிள்ளைகள் கேட்பதும் தமிழகத்துப் பேச்சுவழக்கே. அதில் குறையொன்றுமில்லை எனினும், இலங்கையின் சிங்களச் சிறுவர்க்கு வாய்த்தது வேறு. 1982இல் தொடங்கிய ரூபவாஹினியில், திரைப்பட இயக்குநர் டைட்டஸ் தொட்டவத்த, குரல்மாற்றத்தை, அதாவது அயல்மொழிப் படத்திற்கு உள்மொழியில் குரல் பொருத்தும் வேலையை, மொழிபெயர்ப்பாகக் கருதாமல் மறுபடைப்பாகவே செய்தார். டாக்டர் டூலிட்டில் கதையைத் தழுவிய ‘தொஸ்தர ஹொந்தஹித’ ஒரு தலைமுறையின் சொந்தக் கதையாகவே ஆகிவிட்டது.

இந்நாட்டுத் தமிழில் அத்தகைய மரபு வேரூன்றவில்லை. மேடையிலும் வானொலியிலும் குரல்வளம் காட்டிய கலைஞர்கள் மலையகத்தில் இருக்கையில், இதற்குத் திறமைக்குறைவைக் காரணங்காட்ட இயலாது. நாட்டின் தமிழ் அலைவரிசைகள், பெருஞ்செலவு வேண்டும் புதுத் தொடர்களை இப்போது எடுக்காவிட்டாலும், வாரம் ஓர் அரைமணி நேரத்தையாவது மலையகக் குரல்களில் அமைந்த சிறுவர் தொடருக்கு ஒதுக்க முன்வர வேண்டும்.