அந்தத் திருட்டுப்பயலுக்கு இருந்த பொறுமை

ஆணி ஓவரா போனதுல மூணு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியல. இன்னிக்கு கொஞ்சம் காட்டமாத்தான் எழுதப்போறேன். யாரைத் திட்டப்போறேன்னு கேக்குறீங்களா? நம்மளைத்தான். பொட்டி தட்டிப் பொழைக்கிற நம்ம மொத்தக் கூட்டத்தையும். மொதல் அடி எனக்கு.

நம்ம ஆளுங்க நாலு பேர் டீக்கடையில ஒண்ணா நின்னா அஞ்சாவது நிமிஷம் இந்தப் புலம்பல் ஆரம்பிச்சிரும். "மச்சி, ரெண்டு நாள் லீவுல ஊருக்குப் போனேன்டா, மாமா வீட்டு வைஃபைல ஆரம்பிச்சு பக்கத்து வீட்டு ஆச்சி போன் வரைக்கும் ரிப்பேர் பாக்க வச்சுட்டாங்க." உடனே அடுத்தவன் அவங்கப்பா கதையை எடுப்பான். நானும் சளைச்சவன் இல்ல. எங்க அத்தை ஒருத்தங்க வீடியோ காலை காதுல வச்சுத்தான் பேசுவாங்க. பத்து நிமிஷம் அவங்க காதுகிட்ட நலம் விசாரிச்சிருக்கேன். இந்தக் கதையை எத்தனை ட்ரீட்டுல சொல்லி சிரிப்பு வாங்கியிருக்கேன்னு எனக்கே கணக்கு கிடையாது.

இத்தனைக்கும் நான் படிச்சது மெக்கானிக்கல். ஆபீஸ்ல பாக்குறது ஜாவா. ஆனா "தம்பி கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கான்"ங்கிற ஒரு வரி அம்பாசமுத்திரத்துல எங்க தெருவுக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து, வாட்ஸப் பேக்கப், கரண்டு பில்லு, ஆதார்ல போன் நம்பர் மாத்துறது, டிவியில சத்தம் மட்டும் வருது படம் வரலங்கிறது, எல்லாத்துக்கும் நான்தான் பெரியாஸ்பத்திரி. (எங்க அக்கா எம்.சி.ஏ. என்னை விட நல்லா கோடு எழுதுவா. ஒரு போன் கூட அவளுக்குப் போகாது. ஏன்னு தனியா ஒரு பதிவு போடலாம். போட்டா வீட்டுல அடி விழும்.)

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க பெரியப்பா தபால் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர். நான் சின்னப்பையனா இருந்தப்போ அவருக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பேன். கவுண்டர்ல மணியார்டர் ஃபாரத்தை வச்சுக்கிட்டு முழிக்கிற ஆளுங்களை நிறைய பாத்திருக்கேன். "யாருக்கு அனுப்பணும், எந்த ஊரு"ன்னு கேட்டு அவரே நிரப்பிக் கொடுப்பார். கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்களை மட்டும் விடமாட்டார், "நீரே எழுதும்யா, நான் சொல்லுதேன்"பார். சாப்பாடு ஆறிப்போய் ரசம் மேல எண்ணெய் படிஞ்சு கெடக்கும்.

2014-ல பன்னெண்டாவது முடிச்சேன். இன்ஜினியரிங் கவுன்சிலிங் அப்போ ஆன்லைன்ல கிடையாது, அது 2018-ல தான் வந்துச்சு. சென்னைக்கு நேர்ல போகணும், கிண்டியில அண்ணா பல்கலைக்கழகத்துக்கு. அதுக்கு முன்னாடி அப்ளிகேஷனோட வைக்க டிமாண்ட் டிராஃப்ட் எடுக்கணும். பேங்க் ஃபாரத்தை நான் வாழ்க்கையில பாத்ததில்ல. அடிச்சு எழுதி, திருத்தி எழுதி, ரெண்டு ஃபாரம் குப்பைக்குப் போச்சு. பெரியப்பா நினைச்சிருந்தா முப்பது செகண்டுல எழுதிக் கொடுத்திருக்கலாம். பேனாவை வாங்கவே இல்ல. மூணாவது ஃபாரத்தை எடுத்து முன்னாடி வச்சு, "எழுதுலே, கை தானா பழகிரும்"னார். கிண்டிக்கும் கூடவே வந்தார்.

கொசுவத்தி ஓவர்.

2024 ஆகஸ்ட். ஒரு வியாழக்கிழமை. எங்களுக்கு அன்னிக்கு ரிலீஸ், டேமேஜர் தலைக்கு மேல நிக்குறார். பெரியப்பா போன்.

"ஏலே, புது போனு மாத்தினேம்லா, பேங்க் ஆப்பு தெறக்க மாட்டேங்கு."

ரெண்டு தடவை கட் பண்ணேன். மூணாவது தடவை எடுத்து, என்ன சொன்னேன்னா, அதை அப்படியே எழுதுறேன். "பெரியப்பா, நான் வேலையில இருக்கேன். ஸ்க்ரீன்ல என்ன போட்டிருக்கோ அதைப் படிச்சுப் பாத்துப் பண்ணா போதும். இதுகூடவா தெரியாது?"

அவர் படிச்சார். போன்லயே, எனக்குக் கேக்குற மாதிரி, நிறுத்தி நிதானமா. "சம்திங் வென்ட் ராங். ப்ளீஸ் ட்ரை அகெய்ன் லேட்டர்." அப்புறம் கேட்டார், "இதுல நான் படிக்காம விட்டது என்னலே?"

"சாயங்காலம் பேசுறேன்"னு வச்சுட்டேன். சாயங்காலம் பேசல.

பதினோரு நாள் கழிச்சு பெரியம்மாவோட போன். "ஏய்யா, உங்க பெரியப்பா சரியா சாப்பிடவே மாட்டேங்காவ. என்னன்னு கேட்டா சொல்லவும் மாட்டேங்காவ. நீ கொஞ்சம் பேசேன்." அன்னிக்கு ராத்திரி பஸ் ஏறினேன்.

நடந்தது இதுதான். நான் வச்சதுக்கு அப்புறம் அந்த பேங்கோட கஸ்டமர் கேர் நம்பரை அவரே நெட்டுல தேடியிருக்கார். மேலாப்புல வந்த நம்பருக்கு அடிச்சிருக்கார். எடுத்தவன் தமிழ்ல பேசியிருக்கான். "டென்ஷன் ஆகாதீங்க சார், நான் இருக்கேன்"னுருக்கான். நாப்பது நிமிஷம். எந்த பட்டன், எந்தக் கலர்ல இருக்கும், எந்தப் பக்கம் இருக்கும்னு ஒண்ணொண்ணா சொல்லி, பெரியப்பா ஸ்க்ரீனை அவன் அங்கிருந்தே பாக்குற மாதிரி ஒரு ஆப்பை இறக்க வச்சிருக்கான். ரெண்டு ஓடிபி வந்திருக்கு. 62,000 ரூபாய். பெரியம்மா கண் ஆபரேஷனுக்குன்னு பென்ஷன்ல ஒதுக்கி வச்சது.

"ஏன் பெரியப்பா என்கிட்ட சொல்லல?"

"நீ வைவேன்னு தாம்லே."

கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு அவர் சொன்ன அடுத்த வரிதான் இந்தப் பதிவையே எழுத வச்சது. "அந்தப் பய நல்லா பொறுமையா சொல்லிக் கொடுத்தாம்லே."

சாமிகளா, இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? பத்து வருஷம் முன்னாடி பேனாவைப் பிடுங்காம எனக்குக் கத்துக் கொடுத்த மனுஷனுக்கு, நாப்பது நிமிஷம் ஒதுக்கினவன் ஒரு திருடன். எனக்கு நாலு நிமிஷம் இல்ல.

1930-ன்னு சைபர் கிரைம் உதவி எண் ஒண்ணு இருக்கு. பணம் போன உடனே கூப்பிட்டா, அது அடுத்தடுத்த அக்கவுண்டுக்குத் தாவுறதுக்குள்ள எங்கயாவது நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. பதினோரு நாள் கழிச்சுக் கூப்பிட்டா புகார் நம்பர் கிடைக்கும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில ஒரு சுற்றறிக்கை போட்டுச்சு. பேங்கும் வாடிக்கையாளரும் தப்பு பண்ணாம வேற எங்கயோ ஓட்டை விழுந்து பணம் போயிருந்தா, மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா வாடிக்கையாளருக்கு நஷ்டம் கிடையாதுன்னு அதுல இருந்துச்சு. ஆனா அவரே ரகசிய நம்பரைக் கொடுத்துட்டா, பேங்குக்குச் சொல்ற நிமிஷம் வரைக்கும் போனது அத்தனையும் அவர் தலையிலன்னும் அதுலயே இருந்துச்சு. அதாவது, சொல்ல பயந்த ஒவ்வொரு நாளும் அவர் கணக்குல. அந்த பயத்தைக் கொடுத்தது யாரு? திருடன் இல்லைங்க.

இனிமே நம்ம பொலம்பலுக்கு வருவோம்.

"இதெல்லாம் காமன்சென்ஸ்டா. ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு மெசேஜ்லயே போட்டிருக்கே." இதைச் சொல்லாத பொட்டி தட்டி உண்டா? சரி, பெரியப்பா வீட்டு வாசல்ல ஒரு நாள் நின்னு பாருங்க. கேஸ் சிலிண்டர்காரர் வர்றார். போன்ல வந்த நம்பரைச் சொன்னாத்தான் சிலிண்டர். சொல்லணும். பார்சல்காரர் வர்றார். நம்பர் சொல்லணும். பேங்குல இருந்து பேசுறேன்னு ஒருத்தன் கூப்பிடுறான். சொல்லக்கூடாது. எல்லாமே ஒரே போன்ல, ஒரே மாதிரி மெசேஜா, முக்காவாசி இங்கிலீஷ்ல வர்ற நாலோ ஆறோ இலக்கம். இதுல ஏடிஎம் பின் வேற, யூபிஐ பின் வேற, போனைத் தெறக்குற பின் வேற. யூபிஐல பணம் அனுப்பத்தான் பின் போடணும், வாங்க பின்னே தேவையில்லங்கிற ஒரே ஒரு விஷயத்தை எத்தனை பேர் நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு உக்காந்து சொல்லியிருக்கோம்? அது தெரியாததாலதான் "உங்களுக்குப் பணம் வரும், பின் போடுங்க"ன்னு சொன்னா போட்டுடுறாங்க. இதுக்குப் பேரு காமன்சென்ஸ் இல்ல மக்கா. ஒருத்தர் சொல்லிக் கொடுத்தாத்தான் தெரியும்.

அடுத்து, நாம செய்யுற அந்த "உதவி". போனைப் பிடுங்கி, பெரு விரலால நாலு தட்டு தட்டி, "இந்தாங்க, சரியாயிருச்சு"ன்னு கொடுக்குறது. என்ன பண்ணோம்னு அவங்களுக்குத் தெரியாது. அவசரத்துல என்ன பண்ணோம்னு நமக்கே தெரியாது. அடுத்த மாசம் அதே பிரச்சனைக்கு அதே போன் வரும், அப்போ நமக்குக் கோவம் வரும். 2016 நவம்பர் 8 ராத்திரி நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சதுல இருந்து ஒவ்வொருத்தருக்கா போன் வாங்கிக் கொடுத்து ஆப் போட்டுக் கொடுத்தது யாரு? நாமதான். பாஸ்வேர்டு வச்சதும் நாமதான். எங்கம்மாவோட எல்லா பாஸ்வேர்டும் என் மண்டையில இருக்கு, அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. இதைப் பெருமையா வேற சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். சொந்தப் பணத்தை எடுக்க எங்கம்மா என் லஞ்ச் ப்ரேக்குக்குக் காத்திருக்காங்கன்னா அதுல என்ன பெருமை?

கடைசியா ஒண்ணு. இதைத்தான் எழுதக் கை கூசுது. அந்த "சம்திங் வென்ட் ராங்" இருக்கே, பெரியப்பா படிச்சது என் கம்பெனி ஆப் இல்ல. ஆனா அதே வரியை நான் என் கையால கோடுல எழுதியிருக்கேன். ஒரு தடவை இல்ல. என்ன தப்புன்னு சர்வருக்குத் தெரியும், லாக்ல எழுதி வச்சிருப்போம், பயன்படுத்துறவருக்குச் சொல்ல மாட்டோம். சிம் ரெண்டாவது ஸ்லாட்டுல இருக்குன்னு தமிழ்ல ஒரு வரி காட்ட அரை நாள் வேலை. அந்த அரை நாளுக்கு நேரம் ஒதுக்குறதைப் பத்திப் பேச்சு வந்த ஒரு மீட்டிங்குல ஒருத்தர் சொன்னது இன்னும் காதுல இருக்கு. "வயசானவங்க வீட்டுல யாராச்சும் பசங்க இருப்பாங்கல்ல, அவங்க பாத்துப்பாங்க." எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். அந்த "பசங்க" நான்தான்னு அப்போ உறைக்கல. கவுண்டர்ல ஒரு ஆள் சம்பளத்துக்குச் செஞ்ச வேலையை வீட்டுப் பசங்க தலையில ஓசியில கட்டுறோம், அப்புறம் டீக்கடையில நின்னு அப்பாவைக் கிண்டல் பண்றோம். கோவம் வரவேண்டிய இடம் அந்த மீட்டிங் ரூம் இல்லையா?

"அப்போ காலத்துக்கும் நாமளே செஞ்சுக்கிட்டு இருக்கணுமா?"ன்னு கேப்பீங்க. கேளுங்க, நியாயம்தான். பிள்ளைங்க இல்லாதவங்க, பிள்ளைங்க பேசாதவங்க என்ன பண்ணுவாங்கன்னும் சேத்துக் கேளுங்க. எங்க தெரு முக்குல ப்ரௌசிங் சென்டர் வச்சிருக்கிற அண்ணன்கிட்ட பாதித் தெருவோட பாஸ்வேர்டு நோட்டுல இருக்கு. அவர் நல்லவர்ங்கிறது மட்டும்தான் இன்னிக்கு அந்தத் தெருவுக்கு இருக்குற ஒரே செக்யூரிட்டி.

பணம் திரும்ப வரல. ஆபரேஷனுக்கு நானும் அக்காவும் போட்டோம். பெரியப்பா அதை வாங்க யோசிச்ச யோசனை இருக்கே, அது தனி வேதனை.

இப்போ சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணின்னா அவருக்கும் எனக்கும் போன்ல அரை மணி நேரம். ஊருக்குப் போனா கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு உக்காந்துக்கிறேன், போனைத் தொடுறதில்ல. நான் சொல்லச் சொல்ல அவர் ஒரு பழைய டைரியில அவர் பாஷையில எழுதிக்கிறார். "மூணு புள்ளி - தொட்டா பட்டியல் வரும்." "பணம் வர பின் வேண்டாம்." மொதல் பக்கத்துல பெருசா 1930. பேங்க் நம்பரை ஏடிஎம் கார்டுக்குப் பின்னாடி பாத்து எழுதி வச்சிருக்கார், நெட்டுல தேடுறதில்ல. ஒரு மெசேஜ் எப்படி அனுப்புறதுன்னு சொல்லிக் கொடுக்க எனக்கு மூணு வாரம் ஆச்சு. ரெண்டு தடவை பல்லைக் கடிச்சேன், பொய் சொல்லல.

போன வாரம் மீட்டிங்குல இருக்கும்போது போன் வந்துச்சு. எழுந்து வெளிய வந்து எடுத்தேன்.

"ஏலே, வாசல்ல சிலிண்டர் பையன் நிக்கான். நம்பர் கேக்கான். சொல்லலாம்லா?"

"என்ன நம்பர்னு மெசேஜ்ல போட்டிருக்கு பெரியப்பா?"

கண்ணாடி எடுக்குற சத்தம். படிக்கிற சத்தம். "டெலிவரிக்குன்னு போட்டிருக்கு. கேஸ் கம்பெனி பேரு இருக்கு. சொல்லலாம். வைக்கேன்."

டிஸ்கி: பிரிண்டர் சம்பந்தமா யாரும் இந்தப் பதிவைக் காட்டி என்னைக் கூப்பிட வேண்டாம். அதுக்கு எனக்கும் பொறுமை கிடையாது, திருடனுக்கும் இருக்காது :-)